ராபின் ஹூட்ஸ் பே: முழங்கால் வலி உள்ள அம்மாவை அழைத்துக்கொண்டு போகலாமா?

நிலா (லீட்ஸ்)

எல்லோருக்கும் வணக்கம். மே மாதக் கடைசியில் பள்ளி விடுமுறை வருகிறது. ஒரு நாள் இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் உள்ள ராபின் ஹூட்ஸ் பே என்ற சிற்றூருக்குப் போய் வரலாம் என்று நினைத்திருக்கிறோம். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். வயது 68, இடது முழங்காலில் வலி, படி ஏறினால் மூச்சு வாங்கும். மகனுக்கு 9 வயது. எங்கே போனாலும் கல் பொறுக்கி சட்டைப்பை நிறையக் கொண்டு வருவான்.

படங்களில் பார்த்தால் சிவப்பு ஓடு போட்ட வீடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததுபோல் தெரிகின்றன. கார் எதுவரை போகும்? கழிப்பறை, உட்கார இடம், மழை வந்தால் ஒதுங்க இடம் எல்லாம் இருக்கிறதா? படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு முடியாமல் ஊரைப் பற்றித் தெரிந்துகொண்டு பார்க்கவும் ஆசை. போனவர்கள் சொல்லுங்கள்.

வடகடல் (விட்பி)

நிலா, நான் அங்கிருந்து 6 மைல் வடக்கே விட்பியில் 11 வருடமாக இருக்கிறேன். மாதம் ஒரு முறையாவது அங்கே போவேன். உள்ளூர்க்காரர்கள் முழுப் பெயர் சொல்ல மாட்டார்கள், ‘பே’ அல்லது ‘பே டவுன்’தான். நீங்களும் பேருந்தில் ‘பே’ என்று கேட்டால் போதும்.

முதலில் அம்மா விஷயம். ஊர் இரண்டு பகுதி. மேட்டில் இருப்பது ரயில் வந்தபின் கட்டிய பகுதி: அகலமான தெரு, விக்டோரியா காலத்து வீடுகள், கார் நிறுத்துமிடங்கள், கழிப்பறை, பேருந்து நிறுத்தம் எல்லாம் அங்கே உண்டு. பழைய ஊர் கீழே, கடலோரம். இரண்டையும் இணைக்கும் சாலை மூன்றடிக்கு ஓரடி இறங்கும் சரிவு. வெளியாட்கள் காரைக் கீழே கொண்டுபோக முடியாது. ஓரத்தில் கைப்பிடிக் கம்பி உண்டு, படிகளும் உண்டு. இறங்குவது முழங்காலுக்கு வேலை, ஏறுவது மூச்சுக்கு வேலை. அவசரப்படாமல் நின்று நின்று போனால் முடியும். நல்ல பிடிப்புள்ள காலணி மட்டும் கட்டாயம், மழை பெய்தால் அந்தக் கல் வழுக்கும்.

இறங்க முடியாவிட்டாலும் அம்மாவுக்கு ஒன்றும் குறையாது. மேட்டின் விளிம்பில் உள்ள இருக்கைகளில் உட்கார்ந்தால் தெற்கே ரேவன்ஸ்கார் வரை வளைகுடா முழுவதும் கண்ணுக்கு முன்னால் விரியும்.

காரில்லாமல் வருவதென்றால் விட்பிக்கும் ஸ்கார்பரோவுக்கும் நடுவே ஓடும் எக்ஸ்93 பேருந்து மேட்டில் இறக்கிவிடும். மழைக்கு ஒதுங்க, கீழே பழைய கடலோரக் காவல் நிலையத்தில் பாரம்பரிய இடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்தும் காட்சிக்கூடம் இருக்கிறது. பையனுக்குப் பிடிக்கும். அந்த இடத்துக்கும் உங்கள் ஊருக்கும் ஒரு உறவுகூட உண்டு. 1912 முதல் 1980களின் தொடக்கம் வரை லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வகம் அங்கேதான் இருந்தது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஓத நேரம். கடல் இறங்கும்போது கடற்கரைக்குப் போங்கள், ஏறத் தொடங்கினால் திரும்பிவிடுங்கள். ஏற்றத்தின்போது தண்ணீர் படகுச் சரிவைத் தாண்டி ஊருக்குள்ளேயே வரும். கரையோரமாகத் தெற்கே பாகில் ஹோல் என்ற இடத்துக்கு நடந்து போயிருந்தால் பாறைக்கும் கடலுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

முத்து (மிடில்ஸ்பரோ)

அம்மாவுக்கு என் யோசனை பழைய ரயில் பாதை. ஸ்கார்பரோ–விட்பி ரயில் 1885இல் தொடங்கி 1965 மார்ச்சில் நின்றுபோனது. தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு அந்த 21 மைலையும் நடைபாதையாக, மிதிவண்டிப் பாதையாக விட்டிருக்கிறார்கள். பெயர் சிண்டர் டிராக். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லிக்குப் பதிலாக நிலக்கரிச் சாம்பல் கட்டிகளைக் கொட்டியிருந்தார்களாம், அதனால் வந்த பெயர். ‘பே’யின் பழைய ரயில் நிலையம் கார் நிறுத்துமிடத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து அரை மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பினால் முழங்காலுக்குத் தொல்லை கிடையாது. ரயில் ஏற வேண்டிய சரிவுதானே, மெதுவாகத்தான் ஏறும்.

நான் அந்த ஊரை முதலில் பார்த்தது நடந்தே. மேற்குக் கடற்கரையில் செயிண்ட் பீஸ் என்ற ஊரில் தொடங்கி இங்கிலாந்தைக் குறுக்கே கடந்து ‘பே’யில் முடியும் 190 மைல் பாதை இருக்கிறதே, அது. நடைபயண நூல்கள் எழுதிய வெயின்ரைட் 1973இல் வகுத்தது. மேற்குக் கடலில் ஒரு கூழாங்கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, இங்கே வந்து கிழக்குக் கடலில் எறிவது வழக்கம். எனக்கு 14 நாள் ஆனது. கடைசி நாள் அந்தச் சரிவில் இறங்கும்போது இரண்டு பெருவிரல் நகமும் கறுத்திருந்தன. படகுச் சரிவில் நின்று காலணியோடு தண்ணீரில் இறங்கினேன். பக்கத்தில் ஒரு வயதானவர் ஒன்றும் கேட்காமல் என் கைப்பேசியை வாங்கிப் படம் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு அது தினமும் செய்கிற வேலை என்று முகத்திலேயே தெரிந்தது.

பருத்தித்துறையான் (ஹல்)

நிலா தங்கச்சி, கீழே இறங்கினால் கடலைத் தொடும் அந்தச் சின்ன வெளிக்கு ‘டாக்’ என்று பெயர். கப்பல் கட்டும் துறை ஒன்றும் அங்கே இல்லை, ஆனால் பெயர் மட்டும் பழையது. 16ஆம் நூற்றாண்டில் லேலண்ட் என்பவர் இந்தக் கரையோரமாக வந்தபோது, 20 படகுகள் உள்ள மீனவச் சிற்றூர் என்று எழுதிவைத்தார். அந்தக் குறிப்பிலேயே ‘டாக்’ என்ற சொல் வருகிறது.

நான் கடற்தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளை. அதனால் எந்தக் கடற்கரைக்குப் போனாலும் முதலில் படகைத்தான் பார்ப்பேன். இந்தக் கரையின் படகு ‘கோபிள்’. பலகையின் விளிம்பு மேல் பலகை ஏறி வரும் கட்டு. முன்பக்கம் உயர்ந்து, அடியில் ஆழமாக இறங்கி அலையை வெட்டும். பின்பக்கம் அடி தட்டை. கரைக்கு வரும்போது படகைத் திருப்பிப் பின்பக்கமாக வருவார்கள். தட்டையான அடி மணலில் ஏறிக்கொள்ளும், கூர்மையான முகப்பு வரும் அலையைப் பார்த்தபடி நிற்கும். துறைமுகமே இல்லாத ஊரில் படகு எப்படி இருக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக யோசித்துச் செய்த வேலை அது. ஒரு கோபிளைப் பார்த்தால் பையனுக்குக் காட்டுங்கோ.

கடத்தல் கதைகளும் கேள்விப்படுவீர்கள். 18ஆம் நூற்றாண்டில் இங்கே தேயிலை, ஜின், பிராந்தி, பட்டு எல்லாம் இரவில் இறங்கின. தேயிலைக்கு வரி 119 சதவீதம் வரை இருந்த காலம். 1784இல் அதை 12.5 சதவீதமாகக் குறைத்தார்கள், தேயிலைக் கடத்தலில் லாபமே இல்லாமல் போனது. டாக்கில் இறங்கிய பட்டுப் பொதி வெயிலே படாமல் ஊர் உச்சிக்குப் போய்விடும் என்று சொல்வார்கள். வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருப்பதையும், ஊருக்கு அடியிலேயே சுரங்கமாக ஓடி டாக்கில் வெளியே வரும் ஓடையையும் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

அனிதா (நியூகாசில்)

எல்லோரும் அழகாக எழுதுகிறீர்கள். நான் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அங்கே இருந்தேன். ஐந்தரை மணிக்கு இருட்டிவிட்டது. கீழ் ஊரில் நான் நடந்த சந்தில் இரண்டு வீட்டில் மட்டும் விளக்கு. மற்ற கதவுகளின் பக்கத்தில் எல்லாம் எண் அமுக்கித் திறக்கும் சாவிப் பெட்டி. வார வாடகைக்கு வருகிறவர்களுக்காக வைத்தது. அடுப்புப் புகை வாசனைகூட இல்லை. ஊர் என்றால் ஆள் இருக்க வேண்டும் அல்லவா? மீன் வாசனை, துணி காயப்போட்ட கொடி, சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள். அங்கே இருப்பது நமக்காகத் துடைத்து வைத்த ஊர். வசதிகளும் நமக்காகத்தான்: தேநீர்க் கடை, பரிசுப் பொருள் கடை, தங்கும் வீடு.

விட்பியில் 2022 ஜூனில் ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்பதற்கு 2,111 பேர் ஆதரவு, 157 பேர் எதிர்ப்பு. அந்த வாக்கு சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் மக்கள் மனது அதில் தெரிகிறது. ‘பே’யைப் பற்றிப் பேசும்போது இதையும் பேச வேண்டும்.

வடகடல் (விட்பி)

அனிதா, நீங்கள் பார்த்தது உண்மை. மறுக்க மாட்டேன். 2025 ஏப்ரலிலிருந்து நார்த் யார்க்‌ஷயரில் இரண்டாம் வீடு வைத்திருப்பவர்கள் கவுன்சில் வரியை, அதாவது வீட்டுக்கான உள்ளாட்சி வரியை, இரட்டிப்பாகக் கட்ட வேண்டும் என்று கொண்டு வந்தது இதற்காகத்தான்.

ஆனால் ஊரில் ஆளே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். ஆட்கள் மேட்டுக்கும் பக்கத்து பிலிங்தார்ப்புக்கும் நகர்ந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் அங்கே இருக்கிறது, காலையில் பிள்ளைகள் நடந்து போவதைப் பார்க்கலாம். கீழே உள்ள சின்ன அருங்காட்சியகத்தைத் திறந்து வைப்பது சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். அவர்கள் இல்லையென்றால் நாம் இந்த இழையில் பேசுகிற பாதி விஷயம் நமக்குத் தெரிந்தே இருக்காது. பாரம்பரியம் கல்லிலும் ஓட்டிலும் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். என் அனுபவத்தில் அது திங்கட்கிழமை காலையில் கதவைத் திறக்க யார் வருகிறார்கள் என்பதில் இருக்கிறது.

கீழ் ஊரைக் காப்பாற்றி வைத்திருப்பதும் லேசான காரியம் அல்ல. பழைய பாதை கிங் தெரு வழியாகத்தான் ஊருக்குள் இறங்கியது. 1780 வாக்கில் பாறைச் சரிவில் அது கடலுக்குள் போனதும், இப்போதுள்ள சாலையைப் போட்டார்கள். இன்றைக்கும் அதற்கு ‘நியூ ரோடு’ என்றுதான் பெயர், கிட்டத்தட்ட 250 வயதாகியும்! 1975இல் 12 மீட்டர் உயரத்தில் கடல் சுவர் எழுப்பினார்கள். அது அழகான சுவர் அல்ல, வெறும் சிமெண்ட். அதுதான் மேலே உள்ள வீடுகளைத் தாங்கி நிற்கிறது.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் 1881 ஜனவரியில் நடந்ததைச் சொல்லும் பலகையை நின்று படியுங்கள், நிலா. ‘விசிட்டர்’ என்ற பாய்க்கப்பல் புயலில் வளைகுடாவில் மாட்டிக்கொண்டது. இங்கிருந்த உயிர்காப்புப் படகை அந்தக் கடலில் இறக்க வழியில்லை. விட்பிக்குத் தந்தி போனது. கடல் வழியாக வர முடியாததால் விட்பிக்காரர்கள் தங்கள் படகைத் தரை வழியாக இழுத்து வந்தார்கள். 6 மைல், 500 அடி உயரம் ஏறி இறங்கும் சாலை, 7 அடி ஆழத்துக்குப் பனி. 18 குதிரைகள் கட்டி இழுக்க, 200 பேர் முன்னால் பனியை வெட்டி வழி விட்டார்கள். ‘பே’க்காரர்கள் இந்தப் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே எதிரே போனார்கள். இரண்டு மணி நேரத்தில் படகு இங்கே வந்து சேர்ந்தது. அந்தச் சரிவில், அந்தச் சந்துகளில், ஒரு படகை வண்டியோடு இறக்கியிருக்கிறார்கள். முதல் முறை துடுப்புகள் உடைந்து திரும்ப வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை போய் கப்பலில் இருந்தவர்களைக் காப்பாற்றிவிட்டார்கள்.

நான் அந்தச் சாலையில் அடிக்கடி வண்டி ஓட்டுகிறேன். பனி கொட்டும் நாளில் இரண்டாவது கியரில் ஏறும்போதெல்லாம் அந்த 200 பேரை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

முத்து (மிடில்ஸ்பரோ)

ரேவன்ஸ்கார் பக்கம் பாறை முழுவதும் செதுக்கி எடுத்ததுபோல் இருக்கிறதே, அது படிகாரத்துக்காகப் பாறை வெட்டிய இடம் என்று பலகையில் படித்தேன். நம் வீட்டில் தண்ணீர் தெளிய வைக்கவும் சவரம் செய்த பிறகு தடவவும் வைத்திருப்போமே, அதே படிகாரமா?

வடகடல் (விட்பி)

அதேதான் முத்து. இதைப் பற்றிக் கேட்டால் நான் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துணியில் சாயம் ஒட்ட வேண்டுமென்றால் படிகாரம் வேண்டும், தோல் பதனிடவும் வேண்டும். ரேவன்ஸ்காரில் 1650 வாக்கிலிருந்து 1860கள் வரை அதைச் செய்தார்கள். பாறையை வெட்டி, விறகோடு மலைபோல் குவித்துத் தீ வைப்பார்கள். அந்தக் குவியல் மாதக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். பிறகு தொட்டியில் ஊறவைத்து, அந்த நீரைக் காய்ச்ச வேண்டும். கடைசியில் சேர்க்க இரண்டில் ஒன்று வேண்டும்: கடற்பாசி சுட்ட சாம்பல், அல்லது புளித்த சிறுநீர். ஊர் ஊராக வாளியில் சேர்த்தார்கள். போதாமல் லண்டனிலிருந்து பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் வந்தது. காய்ச்சின நீர் பதமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு கோழிமுட்டையைப் போடுவார்களாம். மிதந்தால் பதம். நம் வீட்டில் ஊறுகாய்க்கு உப்புக் கரைசல் பார்ப்பார்களே, அதேபோல்தான். கடல் இறங்கியிருக்கும்போது பாறைத் தளத்தில் அந்தக் கப்பல்களுக்காக வெட்டிய தடங்கள் இன்னும் தெரியும்.

நிலாவின் மகனுக்கு: அந்தப் பாறைத் தளம் சுமார் 19 கோடி ஆண்டு பழைய கடலடிச் சேறு. அதில் அம்மோனைட் கிடைக்கும், சுருண்ட சங்குபோல் இருக்கும். விட்பியில் புனித ஹில்டா பாம்புகளைக் கல்லாக்கினார் என்று ஒரு கதை. அந்தக் கல்லில் பாம்புத் தலை செதுக்கி விற்கவும் செய்தார்கள். உங்கள் அம்மாவுக்குச் சாளக்கிராமம் தெரிந்திருந்தால் கையில் எடுத்ததும் அடையாளம் கண்டுகொள்வார். கண்டகி ஆற்றுச் சாளக்கிராமங்களில் சுருள் தெரிவதும் இதே இனத்துப் புதைபடிவம்தான். தரையில் தனியாகக் கிடப்பதை எடுக்கலாம். பாறையைச் சுத்தியலால் தட்ட வேண்டாம். அப்புறம், மலைச்சரிவின் அடியில் ஒருபோதும் உட்காராதீர்கள், கல் உதிரும்.

நிலா (லீட்ஸ்)

போய் வந்துவிட்டோம்! எல்லோருக்கும் நன்றி.

காலை பத்துக்கு மேட்டில் காரை விட்டோம். அம்மாவை இருக்கையில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் மட்டும் போய் வருவதாகத்தான் ஏற்பாடு. அம்மா ஐந்து நிமிடம் வளைகுடாவைப் பார்த்தார், எழுந்தார், கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்துவிட்டார். நான் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. கீழே வர 25 நிமிடம் ஆனது. வழியில் ஒரு வீட்டு வாசலுக்கு மேல் ஒடுக்கமான ஜன்னல் ஒன்றைப் பார்த்துக் கேட்டார். மாடிப்படி குறுகலாக இருப்பதால் சவப்பெட்டியை இறக்க வைத்தது என்று பின்னால் வந்தவர் சொன்னார். அம்மா அந்த வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நகர்ந்தார்.

மகனும் அவன் அப்பாவும் பாறைத் தளத்துக்குப் போய்விட்டார்கள். நானும் அம்மாவும் டாக்கில் உட்கார்ந்தோம். அந்த 1881 பலகையில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். “பதினெட்டுக் குதிரையா?” என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி பின்னிக்கொண்டிருந்தார். கருநீலக் கம்பளி நூல், ஐந்து ஊசி, குழாய் மாதிரி வட்டமாகப் பின்னல். அம்மா குரோஷா போடுகிறவர், கண் அங்கேயே இருந்தது. பாட்டி கவனித்துவிட்டு, பின்னலை அப்படியே அம்மா மடியில் வைத்தார். மீனவர்கள் போட்டுக்கொள்ளும் ‘கான்சி’ என்ற சட்டையாம். தையலே கிடையாது. நெருக்கமாகப் பின்னுவதால் காற்றும் தண்ணீரும் சுலபத்தில் உள்ளே வராது. அம்மா அதைப் புரட்டி உள்பக்கத்தைப் பார்த்தார். பிறகு கையைத் தோளிலிருந்து மணிக்கட்டுக்கு இழுத்துக் காட்டி, எங்கே ஆரம்பிப்பது என்று சைகையில் கேட்டார். பாட்டி தோளைத் தொட்டுக் காட்டினார். கைப்பகுதியைத் தோளிலிருந்து கீழ்நோக்கிப் பின்னுகிறார்கள். மணிக்கட்டுப் பக்கம்தானே முதலில் நைந்துபோகும், அந்த இடத்தை மட்டும் பிரித்துத் திரும்பப் பின்னிக்கொள்ளலாம். எனக்கு இதை அம்மாதான் விளக்கினார். பாட்டி பேசிய யார்க்‌ஷயர் ஆங்கிலம் எனக்கே பாதிதான் புரிந்தது, அம்மாவுக்கு ஆங்கிலமே வராது. அரை மணி நேரம் இருவரும் அந்த ஊசிகளை வைத்தே பேசினார்கள்.

அனிதா, பாட்டியிடம் கேட்டேன். பிறந்தது கீழ் ஊரில், இப்போது வீடு மேட்டில். வெயில் அடித்தால் பின்னலோடு இங்கே வந்துவிடுவாராம். நீங்கள் சொன்ன சாவிப் பெட்டிகளையும் பார்த்தேன், ஒரே சந்தில் ஏழு எண்ணினேன்.

ஏறும்போது நான்கு இடத்தில் உட்கார்ந்தோம். மகனுக்கு ஒரு அம்மோனைட் கிடைத்தது, ஐம்பது பென்ஸ் நாணயம் அளவு. நேற்று இரவு அது பூஜை அலமாரியில் இருந்தது. அவன் தேடிக்கொண்டிருக்கிறான், அம்மா தருவதாக இல்லை.

அனிதா (நியூகாசில்)

படித்து மகிழ்ந்தேன் நிலா. அந்தப் பாட்டியை நான் பிப்ரவரியில் பார்க்காமல் போய்விட்டேன். ஒரு வெயில் நாளில் திரும்பப் போகிறேன்.

நிலா (லீட்ஸ்)

அவசியம் போங்கள். இன்னொரு உதவி வேண்டும். கான்சிக்குப் பின்னுகிற மெல்லிய எஃகு ஊசி, இரண்டு முனையும் கூராக இருப்பது, ஐந்து சேர்ந்த செட், லீட்ஸில் எந்தக் கடையில் கிடைக்கும்? கருநீல நூலும் வேண்டும். அம்மா காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டார்.